மூன்று திருகாணி மிச்சம்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குள் முடித்துவிடலாம் என்று நினைத்துத்தான் வண்டியின் முன்னால் உட்கார்ந்தேன். பழைய ஆயிலை வடிக்க வேண்டும், ஃபில்டரைக் கழற்றிப் புதியதைப் பூட்ட வேண்டும், புது ஆயிலை ஊற்ற வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேர வேலை. பதினொன்றரை மணிக்கு நான் இன்னும் அதே இடத்தில், விரித்துப் போட்ட செய்தித்தாள்களின் நடுவில், கரி படிந்த கைகளோடு உட்கார்ந்திருந்தேன். ஆயில் வடிந்து முடிந்திருந்தது. ஃபில்டர் நூலளவும் அசையவில்லை.

என்னுடையது இரட்டை சிலிண்டர் மோட்டார் சைக்கிள். அதில் ஆயில் ஃபில்டர் என்ஜினின் முன்பக்கம், இரண்டு சைலன்சர் குழாய்களும் இறங்கும் இடத்துக்கு நடுவில் இருக்கிறது. கைக்குள் அடங்குகிற ஒரு தகர டப்பா. உள்ளே விசிறி மடிப்பாகக் காகிதம். என்ஜினைச் சுற்றிவரும் ஆயில் அந்தக் காகிதத்தின் வழியாகப் போகும்போது, தேய்ந்து உதிர்ந்த உலோகத் துகளும் கரியும் அதில் தங்கிவிடும். டப்பாவின் அடியில் மரை இருக்கிறது. என்ஜினிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தண்டில் அதைத் திருகிப் பூட்டுவார்கள். கசியாமலிருக்க ஒரு ரப்பர் வளையம். வலஞ்சுழியாகத் திருகினால் இறுகும், இடஞ்சுழியாகத் திருகினால் கழலும்.

பூட்டுகிற முறையும் எளிதுதான். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் கொஞ்சம் ஆயில் தடவ வேண்டும். வளையம் என்ஜினைத் தொடும்வரை கையால் திருக வேண்டும். அதன்பிறகு ஏறக்குறைய முக்கால் சுற்று, அதுவும் கையாலேயே. போதும். ஆயில் தடவாமல் காய்ந்த ரப்பரைப் பூட்டினாலோ, 'இருக்கட்டும்' என்று கருவி போட்டு முடுக்கினாலோ, சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய சூட்டில் ரப்பர் இறுகி அலுமினியத்தோடு ஒட்டிக்கொள்ளும். என் ஃபில்டருக்கு இரண்டும் நடந்திருந்தது என்று கழற்றிய பிறகு தெரிந்தது.

அதைப் பூட்டியது ஒரு சர்வீஸ் சென்டர். பெயர் வேண்டாம். அங்கே ஒவ்வொரு முறையும் என்னிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "சார் வரலீங்களா மேடம்?" என்பது. வண்டி என் பெயரில், என் சம்பளத்தில் வாங்கியது. ஓட்டுவது நான். ஆனால் வண்டியில் என்ன கோளாறு என்று சொல்ல ஒரு சார் வேண்டும். வேலை நடக்கும் இடத்துக்குள் வாடிக்கையாளர் வரக் கூடாது என்று பலகை மாட்டியிருந்தார்கள். அந்தப் பலகைக்கு அந்தப் பக்கம் நின்று, தங்கள் வண்டிக்குப் பக்கத்தில் குனிந்து மெக்கானிக்கோடு பேசிக்கொண்டிருந்த ஆண்களை நான் ஏசி அறையின் கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். எனக்கு நாற்காலியும் தண்ணீர் பாட்டிலும் கொடுத்திருந்தார்கள். மரியாதைதான். அந்த மரியாதையின் பயன், என் வண்டிக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாமலே போவது.

இரண்டு வருடங்களுக்கு முன் கையேட்டை வைத்துக்கொண்டு நானே தொடங்கினேன். ஆய்வுக்காகச் சுவடிப் பாடங்களை ஒப்பிட்டுக் கண் பூத்தவளுக்கு ஒரு வண்டிக் கையேட்டைப் படிப்பது கடினமாக இல்லை. முதலில் செயினைச் சுத்தம் செய்தேன். பிறகு ஏர் ஃபில்டர், பிறகு ஸ்பார்க் பிளக். எல்லாம் வந்தது. வராமல் நின்றது இது ஒன்றுதான்.

செய்ய வேண்டியதை எல்லாம் செய்து பார்த்திருந்தேன். என்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு இளஞ்சூடாக்கி, குழாய்கள் ஆறும்வரை காத்திருந்தேன். வெறும் கையால் திருகினேன். ரப்பர் கையுறை போட்டுத் திருகினேன். உப்புத்தாளைச் சுற்றிப் பிடித்துத் திருகினேன். கடையில் வாங்கிவந்த பெல்ட் ரிஞ்ச் ஆயில் பட்ட தகரத்தில் வழுக்கிக்கொண்டே இருந்தது.

எதிர்வீட்டு சார் வந்தார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். சிறிது நேரம் பார்த்துவிட்டு, "இதுக்கெல்லாம் கையில வலு வேணுங்க டீச்சர். விடுங்க, நான் பாக்கறேன்" என்று சட்டைக் கையை மடித்தார். மூச்சுப் பிடித்துத் திருகினார். முகம் சிவந்தது. ஃபில்டர் அசையவில்லை. கைகளைத் துடைத்துக்கொண்டு, "எவனோ கண்டபடி முடுக்கி வச்சிருக்கான். மெக்கானிக்கக் கூப்பிட்டுருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் திருகி வராதபோது குறை என் கையில் இருந்தது. அவர் திருகி வராதபோது குறை ஃபில்டருக்குப் போய்விட்டது. ஒரே டப்பா, ஒரே தோல்வி.

வலு என்ற பேச்சையும் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். என் பாட்டி திருகை சுற்றியவள். திருகு, திருகை என்று சொல்லிலேயே அந்தச் சுழற்சி இருக்கிறது. கல்லின் மேல் கல்லை வைத்து மணிக்கணக்கில் உளுந்து உடைத்தவளைப் பார்த்து யாரும் கையில் வலு இல்லை என்று சொன்னதில்லை. ஆட்டுக்கல், அம்மி, அடிகுழாய், கிணற்று ராட்டினம் எல்லாவற்றிலும் பெண்ணின் தோளும் மணிக்கட்டும் வேலை செய்தன. அப்போது அது வலு அல்ல, வழக்கம். பெண்ணின் கையில் ஸ்பேனர் வரும்போதுதான் வலு பற்றிய கேள்வி எழுகிறது.

ஒர்க்ஷாப்பில் இருக்கும் ஆணும் வலுவை நம்பி வேலை செய்வதில்லை. இறுகிய போல்ட்டுக்கு அவன் ஸ்பேனரின் பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகிக்கொள்கிறான். பிடி இரண்டு மடங்கு நீண்டால் அதே கை இரண்டு மடங்கு திருப்பும். அடிகுழாயின் கைப்பிடி நீளமாக இருப்பதும் அதற்காகத்தான். நெம்புகோலுக்கு ஆண் பெண் தெரியாது. ஆக, எனக்கு இல்லாதது வலு அல்ல. வேறொன்று. அது என்ன என்று எனக்கு ஒரு மாணவி வந்துதான் காட்ட வேண்டியிருந்தது.

எம்.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிற பெண். திட்டக் கட்டுரையின் ஓர் இயலைக் கொடுப்பதற்காக வந்திருந்தாள். நான் எழுந்திருக்கப் போனேன். அவள் அதற்குள் வண்டியின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"ரப்பர் ஒட்டிடுச்சுங்கம்மா" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அப்பா ஒர்க்ஷாப் வச்சிருக்காருங்கம்மா. ரெண்டு சக்கர வண்டி எல்லாம் பாப்பாரு. சாயங்காலம் கரண்டு போனா நாந்தான் டார்ச் பிடிப்பேன்."

மூன்றாம் வகுப்பிலிருந்து டார்ச் பிடித்திருக்கிறாள். எந்த வேலைக்கு எங்கே வெளிச்சம் விழ வேண்டும் என்பது, அடுத்து கை எங்கே போகும் என்று தெரிந்தவருக்குத்தான் தெரியும். கிளட்ச் பிளேட் மாற்றுவது, கார்புரேட்டர் கழற்றிக் கழுவுவது, டைமிங் செயின் பூட்டுவது எல்லாம் அவளுக்கு வரிசை பிசகாமல் தெரிந்திருந்தது. தம்பி ஏழாம் வகுப்பிலேயே ஸ்பேனர் பிடித்துவிட்டான். இவள் ஒரு போல்ட்டையும் தொட்டதில்லை. "கை கரியாயிரும்னு அப்பா விட மாட்டாருங்கம்மா" என்றாள். அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. மழை பெய்யும் என்று சொல்வதுபோல் சொன்னாள்.

"இதுக்கு உங்கப்பா என்ன செய்வாரு?"

"பெரிய திருப்புளிய எடுத்து, ஃபில்டர் உள்ள ஒரு பக்கத்துல இருந்து மறு பக்கம் வரைக்கும் அடிச்சு எறக்கிருவாருங்கம்மா. அப்புறம் அந்தத் திருப்புளியையே பிடிச்சுத் திருகுனா வந்துரும்."

இந்த வழி எனக்கும் தெரியும். படித்திருந்தேன். ஆனால் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்துகொண்டிருந்தேன். திருப்புளியும் சுத்தியலும் பெட்டியிலேயே இருந்தன. எப்படியும் தூக்கி எறியப் போகிற டப்பா அது. அதைக் குத்திக் கிழிப்பதால் யாருக்கும் ஒரு ரூபாய் நட்டமில்லை. ஆனாலும் என் கை எழவில்லை. குத்தினால் திரும்ப முடியாது என்பதுதான் காரணம். டப்பா ஓட்டையானால் வண்டியை அப்படியே ஓட்டி மெக்கானிக்கிடம் கொண்டுபோகக்கூட முடியாது. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் ஒன்றரை மணி நேரம் என்னைக் கட்டிப்போட்டது அந்த நியாயமான பயம் மட்டும் அல்ல.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது வீட்டு டேப் ரெக்கார்டரில் நாடா சிக்கிக்கொண்டது. கத்தி முனையால் பின்மூடியைத் திறந்தேன். ஏதோ ஒரு சுருள்கம்பி துள்ளிப் பறந்தது, கிடைக்கவே இல்லை. யாரும் அடிக்கவில்லை. ஆனால் அதன்பிறகு பல வருடங்களுக்கு, மிக்ஸி நின்றாலும் ஃபேன் நின்றாலும் அம்மா சொல்லும் முதல் வாக்கியம், "நீ கைய வச்சியா?"

அதே வீட்டில், எனக்கு மூன்று வயது மூத்த அண்ணன் பதிமூன்றாம் வயதில் அப்பாவின் பழைய மொபெட்டைப் பிரித்துத் திண்ணை முழுக்கப் பரப்பினான். இரண்டு நாள் கழித்துத் திரும்பப் பூட்டியபோது மூன்று திருகாணிகள் மிஞ்சின. வண்டி ஓடவில்லை. அப்பா அதை மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனார். திரும்பி வந்து, வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்: "மூணு திருகாணி மிச்சம் பண்ணிட்டான் எம் மவன்." அதில் கோபம் இல்லை, பெருமை இருந்தது. அண்ணன் அடுத்த வருடம் மறுபடி பிரித்தான். அப்போது ஒன்றும் மிஞ்சவில்லை.

என் கையில் கொடுக்கப்பட்ட திருகாணி வேறு. தோட்டுத் திருகாணி. காது குத்திய எல்லாப் பெண்களுக்கும் மரை என்றால் என்ன என்று ஐந்து வயதிலேயே தெரியும். எந்தப் பக்கம் திருகினால் இறுகும், மரை பிசகினால் எப்படித் தடங்கும், கண்ணால் பார்க்காமல் விரல் நுனியால் எப்படிப் பொருத்துவது என்பதெல்லாம் தெரியும். ஆனால் அதோடு ஒரு பாடமும் சேர்த்துத்தான் கொடுப்பார்கள்: தொலைத்துவிடாதே, உடைத்துவிடாதே. அண்ணனுக்குக் கிடைத்த மூன்று திருகாணிகள் கற்பதற்கு. எனக்குக் கிடைத்தவை காப்பதற்கு.

எனக்கு இல்லாதது இதுதான். ஒரு பொருளைப் பாழாக்கிப் பார்க்கும் உரிமை. கைவேலை எதுவும் பாழாக்காமல் வருவதில்லை. முதல் பத்து தோசை பிய்ந்துதான் போகும் என்று பெண்ணிடம் பொறுமையாகச் சொல்கிற வீடு, முதல் போல்ட்டின் மரை தேய்ந்துதான் போகும் என்று அவளிடம் சொல்வதில்லை. பெண் தேய்த்தால் அது 'கையை வைத்தது'. பையன் தேய்த்தால் அது பழக்கம்.

களவியல் நடத்தும் ஒவ்வொரு வருடமும் வகுப்பில் இதை வேறு சொற்களில் சொல்கிறேன். தொல்காப்பியம் பெருமையையும் உரனையும் ஆணுக்கு உரியவை என்கிறது. உரன் என்றால் வலிமை என்றும் பொருள், அறிவு என்றும் பொருள். பெண்ணுக்கு உரியவை அச்சம், நாணம், மடம். மடம் என்பது அறியாமை மட்டும் அல்ல. பிறர் கற்பித்ததைப் பற்றிக்கொண்டு, பற்றியதை விடாமலிருப்பது என்று உரை மரபு அதை விளக்கும். இருபது வருடமாக இந்த விளக்கத்தைக் கரும்பலகை முன் நின்று விமர்சித்து வந்திருக்கிறேன். அன்று என் போர்டிகோவில் யார் மடத்தோடு இருந்தது என்று பார்த்தேன். ஃபில்டர் பற்றியதை விடாமல் இருந்தது. நானும் பத்து வயதில் பற்றியதை விடாமல் இருந்தேன்.

சட்டமும் கல்லூரியும் எப்போதோ கதவைத் திறந்துவிட்டன. 1940களின் தொடக்கத்தில் கிண்டி பொறியியற் கல்லூரியில் அ. லலிதா மின்பொறியியல் படித்து வெளியே வந்தார். பதினெட்டு வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு இருந்தவர். பட்டச் சான்றிதழில் 'அவன்' என்று அச்சாகியிருந்ததை அடித்து 'அவள்' என்று எழுதித்தர வேண்டியிருந்தது என்று சொல்வார்கள். அவர் படிக்க முடிந்ததற்கு அதே கல்லூரியில் பேராசிரியராக இருந்த அப்பா துணை நின்றார். ஏறக்குறைய அதே காலத்தில் இங்கிலாந்தில் பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளர், போர் விமானங்களின் மெர்லின் என்ஜின் தலைகீழாகச் சாயும்போது நின்று நின்று போன கோளாறை, நடுவில் துளையிட்ட ஒரு சிறு பித்தளைத் துண்டை வைத்துச் சரிசெய்தார். அவர் மோட்டார் சைக்கிள் பந்தய வீராங்கனையும்கூட. பதினான்கு வயதில் சொந்தமாக ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கியவர். இவர்களுடைய அறிவை இன்று எல்லோரும் புகழ்கிறோம். எனக்கு அவர்களுடைய பதினான்கு வயதுதான் முக்கியமாகப் படுகிறது. அந்த வயதில் கையைக் கரியாக்கிக்கொள்ள யாரோ விட்டிருக்க வேண்டும், அல்லது யாரையும் கேட்காமல் ஆக்கிக்கொண்டிருக்க வேண்டும். இன்று என் ஊரில் எந்திரவியல் படிக்கும் பெண்கள் ஏராளம். அவர்களில் எத்தனை பேர் வீட்டு வண்டியை அப்பா தொட விட்டார் என்று கேட்டால் வகுப்பு சிரிக்கிறது.

திருப்புளியை எடுத்தேன். டப்பாவின் பக்கச் சுவரில் வைத்து அடித்தேன். முதல் அடி வழுக்கியது. இரண்டாவது அடியில் தகரம் ஓட்டையாகி, உள்ளே தேங்கியிருந்த ஆயில் குழாய்களின் மேல் வழிந்தது. "தொடைச்சிருங்கம்மா, அப்புறம் வண்டி ஸ்டார்ட் பண்ணுனா பொகையும்" என்றாள். துடைத்தேன். மறுபக்கம் வரை அடித்து இறக்கி, திருப்புளியின் இரு முனையையும் பிடித்து இடஞ்சுழியாகத் திருகினேன்.

டப்பா சுற்றியது. ஃபில்டர் சுற்றவில்லை. தகரம் மட்டும் கோணலாகக் கிழிந்து, காகித மடிப்புகளோடு கையில் வந்தது. அடித்தட்டு அப்படியே என்ஜினில் ஒட்டிக்கொண்டிருந்தது. இப்போது பிடிக்கக்கூட ஒன்றும் இல்லை.

வயிற்றில் பழைய சுருள்கம்பி துள்ளியது. "கெட்டுப்போச்சா?" என்று கேட்டேன், நாற்பத்தைந்து வயதில், என் மாணவியிடம்.

"இல்லீங்கம்மா. அப்பாவுக்கும் இப்படி ஆகும். உளி வச்சுத் தட்டுவாரு." அந்தத் தட்டின் ஓரத்தைக் காட்டினாள். "இங்க, சாய்ச்சு வச்சு, கழலுற பக்கமா. என்ஜின் மேல மட்டும் படக் கூடாது."

உளி இருந்தது. அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. "நீங்க பண்ணுங்கம்மா, நான் சொல்றேன்."

"நீ பண்ணு. எனக்கு அந்த இடம் சரியாத் தெரியல."

"என்ஜின் மேல பட்டுருச்சுன்னா?"

"படட்டும். என் வண்டிதானே."

இந்த வாக்கியத்தை யாரும் என்னிடம் சொன்னதில்லை. சொல்லும்போது எனக்கும் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. அந்த அலுமினிய முகத்தில் ஆழமாகக் கீறல் விழுந்தால் புது ஃபில்டர் கசியும், செலவு பெரிது. அவள் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். உளியையும் சுத்தியலையும் வாங்கிக்கொண்டாள். குழாய்களுக்கு நடுவில் இருட்டாக இருந்தது. இந்த முறை டார்ச்சை நான் பிடித்தேன்.

முதல் நான்கைந்து அடி மிக மெதுவாக விழுந்தது, உறங்குகிற யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல. பிறகு மணிக்கட்டு பழகியது. டார்ச் பிடிப்பது சுலபம் இல்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என் கை நகர்ந்துகொண்டே இருந்தது. "கொஞ்சம் கீழ காட்டுங்கம்மா" என்று அவள் இரண்டு முறை சொன்னாள். எத்தனையாவது அடி என்று நினைவில்லை, தட்டு மயிரிழை நகர்ந்தது. இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. இன்னும் மூன்று அடி. பிறகு உளியைக் கீழே வைத்துவிட்டு விரலாலேயே சுற்றினாள். இடஞ்சுழி, இடஞ்சுழி, இடஞ்சுழி. தட்டு அவள் உள்ளங்கையில் விழுந்தது.

அந்தப் பெண் தன் கரி படிந்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ஜின் முகத்தில் ஒரு சிறு தழும்பு விழுந்திருந்தது. ரப்பர் படும் இடத்துக்கு வெளியே என்பதால் கசியவில்லை. பழைய ரப்பர் வளையம் பாதி அங்கேயே ஒட்டிக் கிடந்தது. அதை நகத்தால் சுரண்டி எடுத்துத் துணியால் துடைத்தோம். அது தெரியாமல் மேலேயே புது வளையம் உட்கார்ந்தால், வண்டி ஓடும்போது ஆயில் பீறிட்டுவிடும்.

புது ஃபில்டரை அவள்தான் பூட்டினாள். ரப்பரில் ஆயில் தடவும்போது எனக்குப் பாட்டி ஞாபகம் வந்தாள். தோட்டுத் திருகாணியைப் போடும் முன் அதில் ஒரு துளி தேங்காய் எண்ணெய் தொட்டுவிடுவாள். மாட்டுவது எளிதாக இருக்கத்தான் என்று நினைத்திருந்தேன். கழற்றுவது எளிதாக இருக்கத்தான் என்று இப்போது புரிகிறது. வளையம் தொட்ட இடத்திலிருந்து முக்கால் சுற்று. அவள் இன்னும் கொஞ்சம் முடுக்கக் கை வைத்தாள், பிறகு தானே நிறுத்திக்கொண்டாள். "கையால முடுக்குனது கையால கழலணும்னு அப்பா சொல்வாருங்கம்மா" என்றாள்.

வடித்த ஆயிலைக் கேனில் ஊற்றி அவளிடம் கொடுத்தேன். சாக்கடையில் ஊற்றக் கூடாத பொருள் அது. ஒர்க்ஷாப்பில் சேர்த்துவைத்துப் பழைய ஆயில் எடுக்க வருகிறவர்களிடம் கொடுப்பார்கள். கிழிந்த டப்பாவையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். அப்பாவிடம் காட்ட வேண்டுமாம்.

"என்ன சொல்வாரு?"

"திட்டுவாருங்கம்மா" என்று சிரித்தாள். "மொதல்ல யாரு கழட்டுனதுன்னு கேப்பாரு."

அவள் போன பிறகுதான் கவனித்தேன். திட்டக் கட்டுரையின் இயலை அவள் கொடுக்கவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. திங்கட்கிழமை வகுப்புக்குக் கொண்டுவந்தாள். முதல் பக்கத்தின் ஓரத்தில் ஆயில் விரல் அடையாளம் ஒன்று இருந்தது. வேறு தாளில் அச்செடுத்துத் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்லி அப்படியே வாங்கிக்கொண்டேன்.